பழைய ஜெட்டுக்கு லாரிக் கணக்கு உதவாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2023 அக்டோபரில் சேலத்தின் காமலாபுரம் விமான நிலையத்துக்குப் பயணிகள் விமானங்கள் மறுபடி வரத் தொடங்கியதிலிருந்து, சேலம், நாமக்கல் வட்டாரத்தில் தொழில் நடத்துபவர்களிடம் ஒரு பேச்சு அடிக்கடி எழுகிறது. நாலைந்து பேர் கூட்டுச் சேர்ந்து பழைய சிறு ஜெட் ஒன்றை வாங்கலாம். தேவைக்கு நாம் பறக்கலாம், மீதி நாட்களில் வாடகைக்கு விடலாம் என்கிறார்கள். சங்ககிரி லாரியையும் ஆழ்துளைக் கிணறு போடும் திருச்செங்கோட்டு ரிக்கையும் நாடு முழுக்க ஓடவிட்ட அதே துணிச்சல்தான் இது, மதிக்க வேண்டியது. ஆனால் பழைய லாரிக்குப் போடுகிற கணக்கை அப்படியே பழைய ஜெட்டுக்குப் போட்டால் முதலும் போகும், உயிரும் போகலாம். விமானப் பராமரிப்பிலும் பறப்புப் பணியிலும் இருப்பவர்கள் என்ற முறையில் இதை எழுதுகிறோம்.

லாரியில் என்ன செய்வோம்? குறைந்த விலைக்கு எடுப்போம், ஓட்டுவோம், உடைந்ததை மாற்றுவோம், புகை தள்ளினால் இன்ஜினைப் பிரிப்போம். ஜெட் இன்ஜினில் புகை வரும்வரை காத்திருக்க இடமில்லை. பிரிக்கும் நேரம் முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கிறது. பழைய சிறு ஜெட்களில் பலருக்கும் தெரிந்த செஸ்னா சைட்டேஷன் 2 விமானத்தை எடுத்துக்கொள்வோம். அதில் பிராட் அண்ட் விட்னி கனடாவின் ஜேடி15டி-4 இன்ஜின் இரண்டு இருக்கும். ஒவ்வொன்றுக்கும் 3,500 மணி நேரத்தில் முழு ஓவர்ஹால். பாதி வழியில், 1,750 மணியில், எரிகலனையும் டர்பைன் பகுதியையும் திறந்து பார்க்கும் ஹாட் செக்‌ஷன் சோதனை. ஆகவே விற்பனைக்கு வரும் விமானத்தின் விலை அதன் பெயிண்டிலோ தோல் இருக்கையிலோ இல்லை, இன்ஜினில் மிச்சமிருக்கும் மணிகளில் இருக்கிறது. ஒரு இன்ஜினில் 1,200 மணிதான் மிச்சம் என்றால், முந்தைய உரிமையாளர் ஓவர்ஹால் செலவில் மூன்றில் இரண்டு பங்கை ஏற்கெனவே பறந்து தீர்த்துவிட்டார் என்று பொருள். அந்தப் பங்கை வாங்குபவர் தலையில் கட்டிவிட்டுத்தான் அவர் விலையைக் குறைக்கிறார்.

இதற்கு ஒரே மருந்து, பறக்கிற ஒவ்வொரு மணிக்கும் பணத்தை எடுத்து வைப்பது. ஓவர்ஹாலுக்கு இன்றைய விலைப்புள்ளி வாங்கி, அதை 3,500 ஆல் வகுத்து, இரண்டு இன்ஜினுக்கும் சேர்த்துப் போடுங்கள். ஹாட் செக்‌ஷனுக்கும் அப்படியே, 1,750 ஆல் வகுத்து. அந்தத் தொகை தனி வங்கிக் கணக்கில் இருக்கட்டும். டீசல் பாக்கிக்கும் சம்பளத்துக்கும் அதில் கை வைக்கக் கூடாது. பாதி ஆயுளில் வாங்கியவர் முதல் நாளே பாதித் தொகையைப் போட்டுக் கணக்கைத் தொடங்க வேண்டும். ஊரில் எல்லோரும் சொல்லும் மணிவாடகையைவிட ஒருவர் மிகக் குறைவாகச் சொன்னால், அவர் இந்தக் கணக்கே வைக்கவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். அவர் விற்பது பயணத்தை அல்ல, இன்ஜினின் ஆயுளை.

மணி மட்டுமல்ல, சைக்கிள் என்று இன்னொரு கணக்கும் உண்டு. ஒரு முறை ஸ்டார்ட் செய்து, ஏறி, இறங்கி, அணைத்தால் ஒரு சைக்கிள். ஃபேன், கம்ப்ரசர், டர்பைன் ஆகியவற்றின் வட்டுகள் இத்தனை சைக்கிளோடு சரி என்று வரம்பு கட்டப்பட்டவை. பார்வைக்குப் புத்தம் புதிதாக இருந்தாலும் வரம்பு வந்தால் கழற்றிவிட வேண்டும். சேலத்திலிருந்து சென்னைக்கு நேர்க்கோட்டில் சுமார் 265 கிலோமீட்டர்தான். முக்கால் மணிக்குள் இறங்கிவிடலாம். இப்படிக் குட்டிக் குட்டிப் பயணமாக ஓடும் விமானத்துக்கு மணி மெதுவாகவும் சைக்கிள் வேகமாகவும் ஏறும். வாங்கும்போது இரண்டு எண்ணையும் கேளுங்கள்.

அந்த எண்கள் உண்மையா என்பதற்கு லாக் புக்தான் சாட்சி. ஆயுள் வரம்புள்ள ஒவ்வொரு பாகத்துக்கும், அது தொழிற்சாலையை விட்டு வெளிவந்த நாள் முதல் எந்த விமானத்தில் எத்தனை சைக்கிள் ஓடியது என்ற தாள் தொடர்ச்சியாக இருக்க வேண்டும். நடுவில் இரண்டு வருடத் தாள் காணவில்லையா? அந்த வட்டின் ஆயுளை நிரூபிக்க வழியில்லை; அதைக் கழற்றி எறிய வேண்டிய பாகமாகவே மதிப்பிட்டு விலை பேசுங்கள். லாரியில் ஆர்சி புத்தகம் தொலைந்தால் நகல் வாங்கலாம். இங்கே தாள் தொலைந்தால் பாகமே தொலைந்த மாதிரி.

வாங்குமுன் செய்யும் சோதனையை விற்பவருக்குச் சம்பந்தமில்லாத பட்டறையில் செய்ய வேண்டும். போரோஸ்கோப் என்ற குழாய்க் கேமராவை உள்ளே விட்டு டர்பைன் இறகுகளைப் பார்ப்பது, தரையில் முழு விசை கொடுத்து என்1 எனப்படும் ஃபேன் சுழல் வேகத்துக்கு ஐடிடி எனப்படும் டர்பைன் இடை வெப்பம் எவ்வளவு வருகிறது என்று அட்டவணையோடு ஒப்பிடுவது, எண்ணெய் ஃபில்டரை வெட்டிப் பார்ப்பது, கேபினில் அழுத்தம் ஏற்றிக் கசிவு அளப்பது ஆகிய நான்கையும் விட்டுவிடாதீர்கள். பழைய கேபின்களில் உள்ளே புகைபிடித்த காலத்துத் தார், கேபின் காற்றை அளவாக வெளியே விடும் அவுட்ஃப்ளோ வால்வில் படிந்து, அது ஒட்டி ஒட்டித் திறக்கும். காது அடைப்பதும் கேபின் உயரம், அதாவது உள்ளே இருக்கும் அழுத்தத்துக்கு ஈடான உயரம், தடுமாறுவதும் அதனால்தான். ஆக்சிஜன் சிலிண்டரின் கழுத்தில் உள்ள முத்திரையையும் படியுங்கள். 3எச்டி வகைச் சிலிண்டருக்கு 3 ஆண்டுக்கு ஒரு முறை நீரழுத்தச் சோதனை, 24 ஆண்டோடு ஆயுள் முடிவு. விமானத்தோடு வந்த பழைய சிலிண்டர் அப்படியே இருந்தால் அது எப்போதோ காலாவதியாகியிருக்கும்.

பறக்காமல் நிறுத்தி வைத்தால் செலவு மிச்சம் என்று எண்ண வேண்டாம். சைட்டேஷன் 2 இல் கட்டம் 1 முதல் 4 வரையான சோதனைகள் 300 மணி அல்லது 24 மாதம். பெரிய கட்டமான 5, 1,200 மணி அல்லது 36 மாதம். எது முதலில் வருகிறதோ அது. வருடத்துக்கு 100 மணி மட்டும் பறந்தாலும் நாள்காட்டி சும்மா இருக்காது. ரப்பர் சீல் காய்கிறது, டயர் ஒரே இடத்தில் நின்று சப்பையாகிறது, டேங்கில் தண்ணீர் சேர்கிறது. கமோ எனப்படும் பராமரிப்பு மேலாண்மை அமைப்பின் கட்டணமும், ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டிய, பறக்கத் தகுதி உண்டு என்று காட்டும் ஏஆர்சி சான்றும், காப்பீடும், விமானிகள் சம்பளமும் பறந்தாலும் பறக்காவிட்டாலும் வரும். ஏஆர்சியை லாரியின் எஃப்சி போல ஒரு நாள் வேலை என்று எண்ணிவிடாதீர்கள்; ஆண்டு முழுவதும் செய்த வேலையின் தாள்களைப் பார்த்துத்தான் அது கிடைக்கும். இறக்குமதிக்கு, விமானத் துறையைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டிஜிசிஏ வயது வரம்பு வைத்திருக்கிறது. அதனால் வெளிநாட்டு விளம்பரத்தில் மலிவாகத் தெரியும் விமானத்துக்கு முன்பணம் கொடுக்குமுன் அன்றைய விதியை வாசியுங்கள்.

இனி நம் ஊர் விஷயம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

காமலாபுரம் ஓடுபாதை 1,806 மீட்டர் நீளம், கடல் மட்டத்திலிருந்து 307 மீட்டர், அதாவது சுமார் 1,008 அடி உயரம். அந்த உயரத்துக்குத் திட்ட வளிமண்டலக் கணக்குப்படி 13 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். சித்திரை மாதப் பிற்பகலில் 39 டிகிரி அடிக்கிறது என்று வையுங்கள். 26 டிகிரி கூடுதல். கூடுதல் டிகிரி ஒவ்வொன்றுக்கும் 120 அடி உயரம் கூட்டிக்கொள்வது விமானிகள் மனக்கணக்காகப் போடுவது. காற்று லேசாகி, விமானத்துக்கு அது 4,100 அடி உயரத்தில் இருக்கும் ஓடுபாதையாகத் தெரியும். ஏற்காட்டு மலைப்பாதையில் பெரும்பாலான கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டிய உயரம் அது. இறக்கைக்குத் தூக்கும் விசை குறையும், இன்ஜினுக்குத் தள்ளும் விசை குறையும், கிளம்பத் தேவையான தரை வேகம் கூடும். அதே நாள் விடியற்காலை 25 டிகிரியில் அந்தக் கணக்கு 2,400 அடிதான். கோடையில் நிறைய ஆளோடு கிளம்ப வேண்டுமானால் விடியற்காலையில் கிளம்புங்கள் என்று விமானி சொல்வது இதனால்தான். சோம்பல் என்றோ பயம் என்றோ நினைக்க வேண்டாம்.

எடைக் கணக்கில்தான் பெரும்பாலும் வாடிக்கையாளரோடு தகராறு வரும். சைட்டேஷன் 2 கிளம்பும்போது இருக்கலாகும் அதிகபட்ச எடை 13,300 பவுண்டு, சுமார் 6,030 கிலோ. விமானிகளோடு வெறும் விமானமே 3,650 கிலோவை ஒட்டி வரும். டேங்க் முழுக்க நிரப்பினால் எரிபொருள் 2,250 கிலோ. கூட்டிக் கழித்தால் ஒருவர் இருவருக்கு மேல் ஏற்ற இடமில்லை. ‘எட்டு இருக்கை’ என்று விளம்பரத்தில் போடுவது இருக்கைகளின் எண்ணிக்கை. எட்டுப் பேரும் முழு டேங்கும் ஒருசேர என்று அர்த்தமில்லை. கல்யாணத்துக்குச் சீர்ப் பெட்டிகளோடு ஆறு பேர் வந்து நின்றால், பெட்டிகளைத் தராசில் வைத்து எடை போட்டே ஏற்ற வேண்டும். உத்தேசம் உதவாது. பழைய விமானம் ஆண்டுக்கு ஆண்டு கூடுதல் ஒயரிங், பெயிண்ட், கருவி என்று எடை போட்டிருக்கும். கடைசியாக எடை போட்ட தேதியைக் கேட்டுப் பாருங்கள்.

இன்னொன்று மலை. சேர்வராயன் மலை நிலையத்துக்குக் கிழக்கே இருக்கிறது. உச்சி 1,600 மீட்டரைத் தாண்டும். ஓடுபாதையிலிருந்து பார்த்தால் 1,300 மீட்டருக்கு நிமிர்ந்து நிற்கும் சுவர். இரட்டை இன்ஜின் ஜெட் ஒன்று கிளம்பும் நேரத்தில் ஒரு இன்ஜினை இழந்தால், சக்கரத்தை மடக்கிய பிறகு 2.4 விழுக்காடு சரிவில் ஏறும் திறன் இருக்க வேண்டும் என்பது விதி. 15 கிலோமீட்டர் போனால் 360 மீட்டர் ஏறியிருக்கும். தடை தாண்டும் கணக்குக்கு அதிலும் 0.8 விழுக்காடு கழிக்க வேண்டும். 240 மீட்டர்தான் மிஞ்சும். மலையை ஒற்றை இன்ஜினில் தாண்டும் பேச்சுக்கே இடமில்லை. வடகிழக்காக, ஓடுபாதையின் 04 என்ற திசையில் கிளம்பினால் மலை வலப்புறம் வரும். எந்தப் பக்கம் திரும்புவது, எந்த உயரம்வரை, எந்த வேகத்தில் என்பதைக் கிளம்புமுன்பே எழுதி, இரண்டு விமானிகளும் வாய்விட்டுச் சொல்லிக்கொள்ள வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் மேகம் மலையை மூடியிருக்கும் காலத்தில் இந்தத் தாள் இல்லாமல் கிளம்புவது தவறு.

இறங்கும்போது, வாடகை ஜெட் விமானத்துக்குக் கையேட்டில் உள்ள இறங்கு தூரம் ஓடுபாதையில் 60 விழுக்காட்டுக்குள் அடங்க வேண்டும் என்பது அடிப்படை. காமலாபுரத்தில் முழு நீளத்தையும் எடுத்துக்கொண்டால் 1,083 மீட்டர். நனைந்திருந்தால் அதிலும் 15 விழுக்காடு கூடுதல் இடம் வேண்டும். ஏறத்தாழ 940 மீட்டருக்குள் கையேட்டு எண் வர வேண்டும். டயரின் காற்றழுத்தம் சதுர அங்குலத்துக்கு 115 பவுண்டு என்றால், 96 நாட் வேகத்துக்கு மேல் தேங்கிய நீரின் மேல் டயர் மிதந்து போகும், பிரேக் பிடிக்காது. காற்று குறைந்த டயர் இன்னும் குறைந்த வேகத்திலேயே மிதக்கும். அதனால்தான் தினமும் கேஜ் வைத்துப் பார்க்கச் சொல்கிறோம், காலால் உதைத்துப் பார்ப்பது போதாது. 2023 செப்டம்பர் 14 அன்று மும்பையில் மழைக்கு நடுவே இறங்கிய லியர்ஜெட் 45 ஒன்று ஓடுபாதையை விட்டு விலகி உடைந்தது. அதிலிருந்த எட்டுப் பேரும் பிழைத்தார்கள். சேலத்தில் கோடை மழை அரை மணியில் ஓய்ந்துவிடும். வானில் வட்டமிட எரிபொருள் இருந்தால் காத்திருக்கலாம். இல்லையென்றால் கோவை சுமார் 140, திருச்சி 135, பெங்களூரு 160 கிலோமீட்டர். போக வேண்டிய ஊருக்கு ஆகும் எரிபொருள், அதில் எதிர்பாராத செலவுக்கு 5 விழுக்காடு, மாற்று ஊருக்குப் போக, அங்கே 1,500 அடியில் 30 நிமிடம் சுற்ற என்று எல்லாம் டேங்கில் இருக்க வேண்டும். இதில் கை வைத்து ஓர் ஆளைக் கூடுதலாக ஏற்றச் சொல்வதுதான் வாடிக்கையாளர் தரும் அழுத்தத்தில் மிக ஆபத்தானது.

எரிபொருளில் ஒரு சிறு விஷயம், பலர் கோட்டை விடுவது. இந்த வகை ஜெட்டில் உறைதடுப்புத் திரவம் கலந்தே எரிபொருள் நிரப்ப வேண்டும். நம் நாட்டில் வரும் ஜெட் ஏ-1 இல் அது முன்கூட்டிக் கலந்து வருவதில்லை. பிரிஸ்ட் என்று எல்லோரும் சொல்லும் அந்தத் திரவத்தின் அளவு 0.10 முதல் 0.15 விழுக்காடு, 1,000 லிட்டருக்கு ஒன்று முதல் ஒன்றரை லிட்டர். எரிபொருள் ஓடிக்கொண்டிருக்கும்போதே சீராகக் கலந்து போக வேண்டும். டேங்கில் முதலில் ஊற்றிவிட்டு மேலே எரிபொருள் விட்டால், செறிவான திரவம் அடியில் நின்று டேங்கின் சீலண்டைத் தின்னும். ஆறு மாதம் கழித்து இறக்கையின் ரிவெட் வரிசையில் ஈரம் தெரியும். கலக்காமலே விட்டால், மேலே மைனஸ் 50 டிகிரியில் எரிபொருளில் கரைந்திருக்கும் நீர் பனித்துகளாகி ஃபில்டரை அடைக்கும். கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் இதைக் கையாளக் கூடாது. நமது வெயிலில் எரிபொருளும் நீரும் சேரும் எல்லையில் பூஞ்சை வளரும். தினமும் காலையில் எல்லா வடிகால்களிலும் கண்ணாடிக் குடுவையில் பிடித்துப் பாருங்கள். அடியில் உருளும் குமிழி நீர்; பழுப்பாகவோ கறுப்பாகவோ வழவழப்பாக வந்தால் பூஞ்சை. பிறகு டேங்கைத் திறந்து சுத்தம் செய்யாமல் பறக்கக் கூடாது.

ஸ்டார்ட் செய்வதிலும் வெயில் விளையாடும். சோர்ந்த பேட்டரி இன்ஜினை மெதுவாகச் சுற்றும். காற்று போதாமல் எரிபொருள் எரிந்து வெப்பம் தாறுமாறாக ஏறும். ஜேடி15டி-4 இல் ஐடிடி 700 டிகிரியை நோக்கிப் பாய்ந்தால், எல்லையைத் தொடும்வரை பார்த்துக்கொண்டிராமல் உடனே எரிபொருளை அடைக்க வேண்டும். அந்த ஒரு சில நொடி தாமதம் ஹாட் செக்‌ஷன் செலவை ஒரே காலையில் கொண்டுவந்துவிடும். கோடையில் 28 வோல்ட் தரை மின்வண்டி வைத்தே ஸ்டார்ட் செய்யுங்கள்; விமானத்தின் மூக்கு காற்றை நோக்கி இருக்கட்டும், வால்பக்கக் காற்று வெப்பத்தை இன்னும் ஏற்றும். தரை மின்வண்டியின் ஆம்பியர் வரம்பைச் சரியாக வைக்காவிட்டால் ஸ்டார்ட்டரின் தண்டு முறியும். நிக்கல்-காட்மியம் பேட்டரியின் வெப்ப எச்சரிக்கை விளக்கு 63 டிகிரியில் எரியும், 71 இல் விட்டுவிட்டு மினுக்கும். அது எரிந்தபின் ‘இறங்கிப் பார்த்துக்கொள்ளலாம்’ என்று கிளம்பக் கூடாது. தானே சூடேறும் பேட்டரியை நிறுத்துவது கடினம்.

டெல்லிவரை போக வாங்குகிறோம் என்பவர்கள் ஆர்விஎஸ்எம் ஒப்புதலைப் பாருங்கள்; விமானங்களுக்கு நடுவே குறைந்த உயர இடைவெளியில் பறப்பதற்கான ஒப்புதல் அது. 29,000 முதல் 41,000 அடிவரை பறக்க அது வேண்டும். நம் வான்வெளியில் 2003 நவம்பர் முதல் நடைமுறையில் இருக்கிறது. ஒப்புதல் இல்லாத பழைய விமானம் 28,000 அடிக்கு மேல் ஏறாமல் ஓட வேண்டியிருக்கும். அந்த உயரத்தில் எரிபொருள் எரியும் வேகத்தில், சேலம்–டெல்லி சுமார் 1,870 கிலோமீட்டரை நிறைய ஆளோடு ஒரே தாவலில் போக முடியாது; நடுவில் இறங்கி நிரப்ப வேண்டும், இன்னொரு சைக்கிளும் கணக்கில் ஏறும்.

விமானிகள் விஷயத்தில் எங்கள் கருத்து ஒன்றுதான். ஒற்றை விமானியால் ஓட்டலாம் என்று சான்று பெற்ற வகையாகவே இருந்தாலும், வாடகைப் பறப்புக்கு அந்த வகையில் பயிற்சி பெற்ற இரண்டு பேர் வேண்டும். சிமுலேட்டர் பயிற்சிக்கான செலவையும் நாட்களையும் ஆண்டுத் திட்டத்தில் போடுங்கள். பழைய வகைக்கு சிமுலேட்டர் தேடுவதே ஒரு வேலை.

கொங்குப் பகுதியில் மயில் பெருகியிருப்பதையும் சொல்லிவிடுகிறோம். ஆண் மயில் நாலு கிலோவுக்கு மேல் இருக்கும். சிறு ஜெட்டின் ஃபேனுக்குள் போனால் இன்ஜின் தாங்காது. காலையிலும் மாலையிலும் கிளம்புமுன் ஓடுபாதையைச் சுற்றிப் பார்க்க வண்டி அனுப்பும்படி நிலையத்தைக் கேளுங்கள்.

வாடகைக்கு எடுப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். தனியார் உபயோகத்துக்கு என்று பதிவான விமானத்தைப் பணம் வாங்கிக்கொண்டு ஓட்டக் கூடாது. அப்படி ஓடும்போது விபத்து நேர்ந்தால் காப்பீடு கிடைக்காமல் போகும். கால அட்டவணை இல்லாத வாடகைப் பயணத்துக்கான என்எஸ்ஓபி அனுமதியில் அந்த விமானத்தின் பதிவெண் எழுதப்பட்டிருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். நண்பர் விமானம், எரிபொருள் செலவு மட்டும் கொடுங்கள் என்று சொன்னால் ஏறாதீர்கள். காலி ஓட்டத்துக்கும் சேர்த்துக் கட்டணம் கேட்டால் ஏமாற்று என்று எண்ண வேண்டாம். லாரிக்கு ரிட்டர்ன் லோடு கிடைக்கும். சேலத்தில் உங்களை இறக்கிவிட்ட ஜெட்டுக்குப் பெரும்பாலும் கிடைக்காது.

ஆசிரியர் அவர்களுக்கு ஒரு விண்ணப்பம். தங்கள் நாளிதழுக்கு வாடகை விமான விளம்பரம் வரும்போது, விடி எனத் தொடங்கும் விமானப் பதிவெண்ணையும் இயக்குபவரின் அனுமதி எண்ணையும் விளம்பரத்திலேயே அச்சிட வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். இரண்டும் தராதவரின் விளம்பரத்தை ஏற்க வேண்டாம்.

இப்படிக்கு,
விமானப் பராமரிப்பு, பறப்புப் பணியாளர்கள் சிலர்,
ஓமலூர், சேலம் மாவட்டம்.